சுமதி அக்கா நிக்க வேண்டிய நடு ட்ரம்

சுமதி அக்காவைக் கம்பெனி ஒளிச்சு வெச்சுது. அதுக்கு நானும் உடந்தை.

வெயில்ல காஞ்ச லாரி டயர் வாடை… எனக்கு டைகோன்னா அதுதான். ஜப்பான்காரங்க நின்னுக்கிட்டு, மொத்த உடம்பையும் போட்டு அடிக்கிற பெரிய ட்ரம். எங்க பனியன் கம்பெனியில சரக்கு வாங்கற பையர் ஒரு ஜப்பான் கம்பெனி. அவங்க பெரிய ஆளுங்க வர்ற ஆண்டு விழாவுல நம்ம தொழிலாளிகளே டைகோ வாசிக்கணும்னு எச்.ஆர். மேனேஜருக்கு ஒரு யோசனை. தையல் லைன்ல இருந்து எட்டுப் பொண்ணுங்களைப் பொறுக்கினாங்க, நானும் ஒருத்தி.

நிஜ ட்ரம் கடைசி நேரத்துலதான் வரும்னுட்டாங்க. அதனால பழைய டயர் மேல பேக்கிங் டேப்பை இழுத்து ஒட்டி, கேன்டீனுக்குப் பின்னால தகர ஷெட்டுல பழகினோம். லன்ச் நேரத்துல, பாதி சாப்பாட்டோட.

சனிக்கிழமை பெங்களூர்ல இருந்து ஒரு ஜப்பான் அம்மா வந்து சொல்லித் தருவாங்க. முதல் வாரமே தலையில கை வெச்சுட்டாங்க. போகப் போக எங்க வேகம் ஏறிக்கிட்டே இருக்கும். நடுவுல நாலு எண்ணிக்கை, எல்லாரும் கையைத் தூக்கிட்டு சும்மா நிக்கணும். அந்த இடத்துல யாராவது ஒருத்தி டொம்முன்னு போட்டுருவா.

எப்படி நிக்கும்? மணிக்கு மணி போர்டுல டார்கெட் எழுதி, முதுகுக்குப் பின்னால சூப்பர்வைசர் நின்னு பழக்கின கை அது.

நின்னது சுமதி அக்கா கை மட்டும்தான். ஓவர்லாக் டெய்லர், மங்கலத்துல இருந்து வருவாங்க. எப்படிக்கா முடியுதுன்னு கேட்டோம்.

"தண்ணி குடிக்கப் போறப்ப, சூப்பர்வைசர் பாத்தா பாத்துட்டுப் போறான்னு மெதுவா நடப்பேன்ல… அதேதான் கண்ணு."

சிரிச்சோம். அன்னிக்குத்தான் முதல் தடவையா எட்டுப் பேரும் சேர்ந்து நின்னோம். நடு ட்ரம் அக்காவுக்குன்னு ஆச்சு. மகளைக் கூட்டிட்டு வர பாஸ் வாங்கி வெச்சாங்க. அம்மா மிஷின்ல குனிஞ்சே கிடக்கறவன்னுதான் புள்ளைக்குத் தெரியும், நிமிந்து நிக்கறதையும் பாக்கட்டும்னாங்க.

விழாவுக்கு நாலு நாள் இருக்கறப்ப அக்கா விரல்ல ஊசி ஏறிருச்சு. விரல் உள்ள போகாம ஊசிக்கு முன்னால தடுக்கற ஊசி கார்டு மிஷின்ல இல்ல. வேகமா ஓடணும்னு சூப்பர்வைசரே கழட்டி வெச்சிருந்தார்.

அடுத்த நாளே கட்டோட ரிகர்சலுக்கு வந்தாங்க. அந்த விரலை நீட்டி வெச்சுக்கிட்டு, மத்த விரல்ல குச்சியப் புடிச்சு அடிச்சாங்க. ஒரு அடி தப்பல.

மேனேஜர் வந்தார். வலிக்குதான்னு கேக்கல.

"இதோட மேடை ஏறினா பையர் என்ன ஏதுன்னு கேப்பாங்க, மிஷினையெல்லாம் சோதிக்க ஆடிட் வரும். நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா."

என்னை நடுவுல நிக்கச் சொன்னார்.

பஸ்ஸுக்கு நிக்கறப்ப அக்கா என் கையைப் புடிச்சாங்க. "'நடுவுல நான் நிக்க மாட்டேன்'னு நீ போய் மேனேஜர்கிட்ட சொல்லு கண்ணு. அவருக்கு வேற ஆள் இல்ல, என்னைத்தான் நிறுத்தோணும்."

சொல்றேன்க்கான்னேன். சொல்லல.

பயம்னு இத்தனை நாள் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். பொய். எனக்கும் நடுவுல நிக்க ஆசை.

விழா அன்னிக்கு அக்காவுக்கு லீவு கொடுத்து ஊட்டுலயே இருக்கச் சொல்லிட்டாங்க. நான் நாலு எண்ணிக்கையும் சரியா நின்னேன். ஜப்பான்காரங்க எந்திரிச்சுக் கை தட்டினாங்க.

இப்ப அந்தக் கம்பெனியில டைகோ இல்ல. ரிசப்ஷன்ல போட்டோ மட்டும் தொங்குது, நடுவுல நான் பல்லைக் காட்டிக்கிட்டு. நான் வேற கம்பெனியில குவாலிட்டி பாக்கறேன். இங்க எல்லா மிஷின்லயும் ஊசி கார்டு இருக்கு… ஆடிட் வர்ற வாரம் மட்டும்.

போன மாசம் மண்ணரை பஸ் ஸ்டாப்புல அக்காவைப் பாத்தேன். அந்த விரல் இன்னும் மடங்கல. மிஷின்ல உக்கார முடியாம, பனியன் பீஸ்ல நூல் பிசிறு வெட்டற வேலைக்குப் போறாங்களாம். மகள் பிளஸ் டூவாம். கோபமே இல்லாமத்தான் பேசினாங்க. கடைசியா ஒண்ணு கேட்டாங்க. நான் அப்ப வந்த பஸ்ல ஏறிட்டேன்.

"அன்னிக்கு அவர்கிட்ட நீ சொன்னியா, இல்லியா? அத மட்டும் சொல்லிட்டுப் போ கண்ணு."