மதார் ஒஸ்தாவின் கை

ஆண் குழந்தைக்கு ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் ஷரீபுன்னிசா அதன் தாயிடம் ஒரு கேள்வி கேட்பாள். செங்கல்பட்டில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அந்தப் பழக்கம். கடற்கரைக் குப்பங்களிலிருந்து வரும் பெண்களுக்கு அது ஒரு வேடிக்கையாகிவிட்டது.

“உன்கூடப் பொறந்த ஆம்பளைங்க எத்தினி பேரு? எல்லாரும் நல்லாக் கீறாங்களா?”

“போன தபாவும் இதத்தான கேட்ட. இன்னா நர்ஸம்மா, எங்க அண்ணாத்தைய கட்டிக்கப் போறியா?” என்றாள் மாமல்லபுரத்து மீன்காரி வச்சலா. “குடிப்பான், இப்பவே சொல்லிட்டேன்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஷரீபுன்னிசாவும் சிரித்தாள். “குடிச்சா குடிக்கட்டும். அடிபட்டா ரத்தம் நிக்குதா?”

“அவன் உடம்புல ரத்தம் எங்க ஓடுது, எல்லாம் சாராயந்தான்.”

ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பாள். எடுத்துப் பார்ப்பாள், திரும்பவும் அழுத்துவாள். கூட வேலை பார்த்தவர்களுக்கு அது வீண் தாமதம். ஏன் என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை.

அவளுக்கு அமானுல்லா என்று ஒரு தம்பி இருந்தான். ஆறு வயதில் அவனுக்குச் சுன்னத் கல்யாணம் வைத்தார்கள். மாலை போட்டுக் குதிரையில் ஊர்வலம் விட்டார்கள். சுன்னத் செய்ய வந்தவர் மதார் ஒஸ்தா. அவர்கள் ஊர்க் கடைத்தெருவில் பாதி ஆண்பிள்ளைகள் அவர் கைபட்டவர்கள்தான். அமானுல்லாவுக்கு ரத்தம் நின்ற மாதிரி நின்று, சாயங்காலம் திரும்பவும் கசிந்தது. துணி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நாலைந்து நாளில் பையன் போய்விட்டான்.

ஒஸ்தாவுக்குக் கை நடுங்கியது என்றார்கள், கத்தி துரு என்றார்கள். ஷரீபுன்னிசாவின் அத்தா அவரைக் கடைத்தெருவில் வைத்தே அடித்தார். மதார் கீழே விழுந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவரைக் கூப்பிடவில்லை. மதுராந்தகத்துக்குப் போய்ச் சவரக்கடை போட்டுக்கொண்டார் என்று கேள்வி.

அந்தக் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவள் ஷரீபுன்னிசா ஒருத்திதான். சென்னையில் நர்ஸ் படிப்பு. ஒருநாள் வகுப்பில் ரத்தம் உறையாத நோயைப் பற்றிப் பாடம் நடந்தது. பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம் என்று கரும்பலகையில் ஒரு குடும்பத்தைப் போட்டார்கள். நோயைச் சுமப்பவள் பெண். பெரும்பாலும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் பெறும் ஆண்பிள்ளைகளில் சிலருக்கு வரும். முழங்கால் காரணமில்லாமல் வீங்கும், பல் விழுந்தால் ரத்தம் நிற்காது. மற்றவர்கள் வட்டத்தையும் சதுரத்தையும் வரைந்துகொண்டிருந்தபோது அவள் அவற்றுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். தவழும் வயதிலேயே முட்டி கன்றிப்போயிருந்த அமானுல்லா. அம்மாவின் அண்ணன், சிறு வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, சின்னக் காயத்தில் செத்துப்போனவர். பாடம் முடிந்ததும் சந்தேகம் இருந்தால் கேட்கச் சொன்னார்கள். அவளுக்குச் சந்தேகம் இல்லை.

எழுபத்தைந்தாம் வருஷம் அக்கா சம்சாத் பேகமும் மச்சான் நூர்முகமதுவும் கோவளத்திலிருந்து வந்தார்கள். மச்சானுக்குக் கருவாட்டு வியாபாரம். மகன் கியாசுதீனுக்குச் சுன்னத் கல்யாணம், எல்லாரும் வரவேண்டும் என்றார்கள். பையன் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். ஷரீபுன்னிசா அவனை மடியில் உட்காரவைத்து முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். வீங்கிச் சூடாக இருந்தது.

“சுன்னத்த நிறுத்துங்க மச்சான்.”

“இன்னாமா பேசற? குதிரைக்குச் சொல்லியாச்சு, ஆட்டைக் கட்டியாச்சு. வேலூர்லேர்ந்து ஒஸ்தா வராரு. அந்த மதாரு மாதிரி ஆளுன்னு நினைச்சியா?”

“மதாரு கையில ஒண்ணுமில்ல மச்சான். எங்க ரத்தத்துல கீது.”

நூர்முகமது மனைவி பக்கம் திரும்பினார். “கேட்டுக்கோ. உங்க வூட்டு ரத்தத்துல குறைன்னு உன் தங்கச்சியே சொல்லுது. கல்யாணத்தப்ப ஏன் சொல்லல?”

மறுநாள் பையனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பொய் என்று காட்டிவிட்டுப் போகத்தான் வந்தார். டாக்டர் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ரத்தம் எடுத்தார். ஒன்று ஷரீபுன்னிசாவுடையது, ஒன்று பையனுடையது. அவளுடையது கொஞ்ச நேரத்தில் தயிர் மாதிரி உறைந்து, சாய்த்தாலும் அசையாமல் நின்றது. கியாசுதீனுடையது சாய்க்கும்போதெல்லாம் குழாயின் வாய்வரைக்கும் ஓடி வந்தது. நூர்முகமது குழாயை வாங்கித் தானே சாய்த்துப் பார்த்தார்.

“கண்ணாடியில எதுனா கோளாறு இருக்கும். வேற ஒண்ணுல ஊத்துங்க.”

வேறொன்றிலும் எடுத்துக் காட்டினார்கள். நெடுநேரம் சாய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழாயை மேஜைமேல் வைத்தார்.

“ஆட்டை அவுத்து விடச் சொல்றேன்” என்றார்.

தன் குழாயில் உறைந்த ரத்தத்தைப் பார்த்தபடி ஷரீபுன்னிசா நின்றாள். அது உறைந்ததால் அவளுக்கு நோய் இல்லை என்றாகும். சுமக்கிறாளா இல்லையா என்பதை அந்தக் குழாய் சொல்லாது. தன்னைக் கேட்டு வந்த இரண்டு வரன்களை அவள் வேண்டாம் என்றிருந்தாள். அது பயத்தாலா, வெறும் சாக்கா என்று அவளுக்கே தெளிவில்லை.

விருந்தை நிறுத்திய நூர்முகமதுவைக் கோவளத்தில் கஞ்சன் என்றார்கள். அவர் மறுக்கவில்லை.

விஷயத்தை அம்மா உம்மு சல்மாவிடம் ஷரீபுன்னிசாதான் சொன்னாள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றது.

“அப்ப என் புள்ளைய நான்தான் கொன்னேனா?”

“நீ கொல்லலம்மா. உனக்கும் உங்கம்மா கொடுத்ததுதான். யாருக்குத் தெரியும்?”

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். “அப்ப மதாரு?”

“அவரு கை நல்ல கைதாம்மா.”

அம்மா முறத்தை மறுபடி கையில் எடுத்தார். “வெளிய சொல்லிடாத. உன் தங்கச்சி ஒருத்தி இருக்கா. இது தெரிஞ்சா எவன் வருவான்?”

சொல்லமாட்டேன் என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் மதார் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார். சவரக்கத்தி பட்டு இடது கட்டைவிரல் வெட்டுப்பட்டிருந்தது. கிழவராகியிருந்தார்.

“அமானுல்லா அக்காதான நீ?”

“ஆமா.”

“அத்தா சௌக்கியமா?”

“மவுத்தாயிட்டாரு.”

இறந்தவருக்காக உதட்டுக்குள் துஆ ஓதினார். அடித்தவருக்காகத்தான் ஓதினார். கட்டுப் போடும்போது மெல்லச் சொன்னார்: “அன்னிக்குக் கத்தியத் தீட்டி, வெந்நீர்ல போட்டுத்தாம்மா எடுத்தேன். இன்னும் நினைச்சுப் பாத்துகினே கீறேன். எங்க தப்பு பண்ணேன்னு புரியல.”

சொல்லிவிட வாய்வரைக்கும் வந்தது. “தண்ணி படாம பாத்துக்குங்க. வெள்ளிக்கிழம கட்டு மாத்தணும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். அவள் வேலையை மாற்றிக்கொண்டு பிரசவ வார்டுக்குப் போயிருந்தாள்.

எழுபத்தெட்டில் தங்கைக்குத் திருக்கழுக்குன்றத்தில் கல்யாணம் நடந்தது. பேசி முடிப்பதற்கு முன் ஷரீபுன்னிசா மாப்பிள்ளை வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர்கள் யோசித்து, சம்மதித்தார்கள். ஆக அம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் அதோடு தீர்ந்துபோயிற்று. ஒருநாள் அம்மாவே கேட்டார், “மதாருகிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.”

மதார் இருக்கும் மதுராந்தகத்துக்குப் போகிற பஸ்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் போகும். எழுபத்தொன்பது முடிந்தது. அவள் அதில் இன்னும் ஏறவில்லை.