மீன் குழம்புக்கு ரீஸ்லிங் ஊற்றிய தனபாலன் சார்

செய்தி எங்கள் கலிஃபோர்னியா ஃப்ரீமாண்ட் தமிழர் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. தனபாலன் சார் தூக்கத்திலேயே போய்விட்டார். கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக விழுந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு புண்ணியவான், "அப்போ சனிக்கிழமை டேஸ்டிங் கேன்சலா?" என்று கேட்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சார் இருந்திருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

சார் நாகப்பட்டினத்துக்காரர். கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் எனக்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றார். ரிட்டயர் ஆனவர்கள் பேரப்பிள்ளைகளை டேகேரில் விடப் போவார்கள். இவரோ ஹாஃப் மூன் பே தாண்டி, கடலோர மேட்டில் இருக்கும் ஒரு ஒயின் தயாரிக்கும் தோட்டத்தில், வார இறுதியில் ருசி பார்க்க வருகிறவர்களுக்கு ஒயின் ஊற்றிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி கமலம் ஆன்ட்டி இதை வெளியில், "ஏதோ ஃபார்ம்ல வாலன்டியர் பண்றார்" என்றே சொல்லிவந்தார்.

அங்கே ஒவ்வொரு ஒயினுக்கும் பொருத்தமான சாப்பாட்டை ஒரு பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். ஷார்டனேக்கு நண்டு, பினோ நுவாருக்குக் காளான், இப்படி. அதில் நம் மீன் குழம்பு ஏற வேண்டும் என்பது சாரின் பிடிவாதம். காரம் ஒயினைக் கெடுத்துவிடும் என்று மறுத்தார் உரிமையாளர் மார்கரெட். சார் எங்களிடம் வந்து பொருமுவார். "காரத்தைக் கிளப்பி விடறதே அந்தத் துவர்ப்பு ரெட் ஒயின்தான்யா. புளிக்குப் பக்கத்துல புளிப்பும் லேசா இனிப்பும் இருக்கற ஜில்லுனு ரீஸ்லிங்னு ஒரு ஒயிட் ஒயினை வை. எலுமிச்சை வாசனை, கடைசியில கடல் காத்து மாதிரி ஒரு உப்பு. நம்ம மீனுக்கு அது சம்பந்தி வீடுய்யா!"

கடைசியில் மார்கரெட் ஒரே ஒரு மதிய விருந்துக்குச் சம்மதித்தார். படகிலிருந்து வாங்கிய ராக்ஃபிஷ் மீனில் குழம்பு வைத்தது ஆன்ட்டி. சாப்பிட நாங்கள். "ஒயின் தெரிஞ்சவங்க மாதிரி பிஹேவ் பண்ணுங்கப்பா, மானம் போயிடும்" என்று சார் வாசலிலேயே கெஞ்சினார்.

நாங்களும் முயன்றோம். ருசி பார்த்த ஒயினைத் துப்புவதற்கு வைத்திருந்த வெள்ளி வாளியில் ஒருவர் மீன் முள்ளையும் கறிவேப்பிலையையும் ஒதுக்கினார். மேசைக்கு வந்த முதல் கோப்பையை எல்லோருக்கும் பொதுவென்று நினைத்து, எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு அடுத்தவரிடம் தள்ளினோம். மார்கரெட் சாரைத் திரும்பிப் பார்த்தார். சார் அசரவே இல்லை. உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று பட்டு ஒயினின் மணம் விரியும், இது எங்கள் ஊர் முறை என்று ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார். மார்கரெட்டும் அண்ணாந்தார். பாதி சட்டையில் போயிற்று, மீதி குழம்போடு சேர்ந்து உள்ளே போயிற்று. பிறகு தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டார். அடுத்த வாரம் மீன் குழம்பு பலகையில் ஏறியது.

ஆனாலும் சாருக்கு மனம் ஆறவில்லை. குழம்பு வைத்த ஆன்ட்டி, ஒயினை ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்கவில்லை. "என் நாக்கு அவ சமையல்ல வளந்தது. அவ சரின்னு சொன்னாத்தான் எனக்குச் சரி" என்பார். ஆன்ட்டியோ, "கல்யாணம் ஆனதுலேர்ந்து இவர் எதுல கரெக்டா இருந்தார்? ஃப்ரீவேல எக்ஸிட்கூட தப்பாத்தான் எடுப்பார்" என்று முடித்துவிடுவார். ஒரே ஒரு மடக்கு என்று அவர் கெஞ்சுவதும், போங்க அந்தப் பக்கம் என்று இவர் விரட்டுவதும் கடைசிவரை நின்றபாடில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆன்ட்டி எனக்கு ஃபோன் செய்தார். "அந்த ஃபார்முக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியாப்பா?"

குழம்பை டப்பாவில் எடுத்து வந்திருந்தார். மார்கரெட் ரீஸ்லிங் ஊற்றினார். ஆன்ட்டி மருந்து குடிப்பதைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார், ஒரு வாய் சாப்பிட்டார், மறுபடியும் குடித்தார்.

"மனுஷன் சரியாத்தான் சொல்லியிருக்கார்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதைக் கேட்டிருந்தா தலைமேல ஏறி உக்காந்திருப்பார். உக்காந்துட்டுப் போகட்டுமே. சொல்லித் தொலைச்சிருக்கலாம்."

சார், உங்களுக்குச் சேர வேண்டிய அந்த வார்த்தை என்னிடம்தான் இருக்கிறது.