மதினியின் மஞ்சள் பிளக்

என் கைப்பைக்குள் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பிளக் கிடக்கிறது. சுவரில் ஸ்குரூ முடுக்குவதற்கு முன்னால் துளையில் செருகுவோமே, அதுதான். அதன் தலையைச் சுற்றிலும் எலி கொறித்ததுபோல் சின்னச் சின்ன வெட்டுகள். பஸ்ஸில் சில்லறைக்குக் கையை விடும்போதெல்லாம் அது விரலில் படும். உடனே மதினி ஞாபகம் வந்துவிடும்.

மதினி என் அண்ணன் மனைவி. அவருடைய அய்யா இறந்தபோது கூடப்பிறந்தவர்கள் நிலத்தைக் கேட்டார்கள். மதினி அய்யாவின் பழைய கைத்துப்பாக்கியைக் கேட்டார். முறைப்படி லைசென்ஸ் மாற்றி, உச்சிப்புளிப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடுகிற வகை. அதை எடுத்துக்கொண்டு துப்பாக்கி சுடும் மாநிலப் போட்டிவரை போகவேண்டும் என்று அய்யாவுக்கு நிறைவேறாத ஓர் ஆசை. மதினி அதைத் தன் ஆசையாக்கிக்கொண்டார்.

தினமும் சாயங்காலம் தோட்டா போடாமல் பயிற்சி நடக்கும். சுவரில் ஒட்டிய கறுப்புப் பொட்டைக் குறிபார்த்து விசையை இழுப்பார். தோட்டா இருந்தால் உள்ளிருக்கும் ஊசி அதன் விளிம்பில் அடிக்கும். இல்லாவிட்டால் குழலின் இரும்பு விளிம்பிலேயே அடித்து அதை மடக்கிவிடும். அடியை வாங்கிக்கொள்ளத்தான் பிளக். ராமநாதபுரம் ஹார்டுவேர் கடையில் காலித் தோட்டாக்கூட்டைக் காட்டி, "இந்தத் தண்டிக்கு வேணும்ணே" என்றார் மதினி. "எந்தச் செவுத்துக்கும்மா?" என்று கேட்ட கடைக்காரர், "துப்பாக்கிக்கு" என்றதும் டப்பாவை அப்படியே எங்கள் பக்கம் தள்ளிவிட்டு நகர்ந்துகொண்டார்.

தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்கும். ஆனாலும் தொடங்குமுன் என்னைக் கூப்பிடுவார். "ஏத்தா, இங்கன வந்து பாரு, காலிதானே?" இரண்டு பேர் பார்க்காமல் விசையில் விரல் வைக்கமாட்டார். நான் தலையாட்டிய பிறகுதான் பிளக்கைச் செருகுவார்.

மாவட்டப் போட்டிக்கு முதல் நாள், பிளக்கை எடுத்துவிட்டு எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரும்பு ஒரு நாள் தாங்காது. புதுமடத்து மீன்காரம்மா வாசலில் குரல் கொடுக்க, எழுந்து போனார். எனக்குக் கை ஊறியது. செல்போனைச் சாய்த்துவைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பிளக் நினைப்பே இல்லாமல், சினிமாக்காரிபோல் இருபது தடவையாவது விசையை இழுத்தேன். வீடியோவைச் சித்தி மகளுக்கு அனுப்பியும் வைத்தேன். அப்படியொரு பெருமை எனக்கு.

மறுநாள் போட்டியில் முதல் தோட்டாவே பாதியில் நின்றுவிட்டது. மதினி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், உள்ளே போகவில்லை. கையைத் தூக்கிப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "விளிம்பு மடிஞ்சிருக்கு" என்றார், அவ்வளவுதான். வீடு வரும்வரை நான் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோழை, வேறென்ன சொல்ல.

அடுத்த நாள் சாயங்காலம் வழக்கமான குரல். "ஏத்தா, வந்து பாரு, காலிதானே?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "மதினி, நான்தான்..."

"தெரியும். ஒன் வீடியோவ ஒங்க சித்தி நேத்து ராத்திரியே எனக்கு அனுப்பிட்டாக. நம்ம புள்ள எம்புட்டு அழகா சுடுதுன்னு. நானும் அப்படி வச்சிட்டுப் போயிருக்கக் கூடாது."

"அப்பறமும் ஏன் என்னையக் கூப்பிட்டீக?"

"வேற யாரக் கூப்பிட?" என்றவர் பிளக்கை என் கையில் வைத்தார். "இனிமே இத நீதான் போடணும், நீதான் எடுக்கணும்."

மதுரையில் ஒருவர் விளிம்பைச் சரிசெய்து கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து மதினி மாநிலப் போட்டியில் சுட்டார். பரிசு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து அய்யா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

போன வருஷம் மதினி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போனோம். அண்ணனுக்கு உள்ளே வர மனசில்லை, வாசலிலேயே நின்றுவிட்டார். "காலியாம்மா?" என்று கேட்டார் ஏட்டு. நான் திறந்து, பிளக்கை நகத்தால் நெம்பி எடுத்து, குழலுக்குள் பார்த்தேன். பிறகு பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் திரும்பி, "மதினி, வந்து பாருங்க" என்று சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன்.

 ஏட்டு எழுந்து வந்து, பக்கத்தில் நின்று, குனிந்து பார்த்தார். "காலிதாம்மா" என்றார். நான் பிளக்கைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.