பூனை மேஸ்திரி

என் நாத்தனாருக்குப் பூனையைக் கொஞ்சத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூனை வளர்ப்பவர் என்றதும் மடியில் ஒன்று, தோளில் ஒன்று, தட்டில் பங்கு கேட்டு ஒன்று என்று கற்பனை பண்ணிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். இங்கே அந்தக் கூத்தெல்லாம் கிடையாது. எங்கள் தோட்டத்து வீட்டில் பூனை என்றால் வேலையாள். எலி பிடிக்க வேண்டும். பிடிக்காத பூனைக்குச் சோறு கிடையாது என்பார் என் வீட்டுக்காரர். பிடிக்கிற பூனைக்கும் அரை வயிறுதான் என்பார் அவருடைய அக்கா.

அந்த அரை வயிறு எவ்வளவு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். காலையில் பால் கறந்து முடித்ததும் ஐந்து தகர மூடிகளை வரிசையாக வைத்து ஊற்றுவார். அளவு ஒவ்வொரு நாளும் மாறும். எலி பிடித்த பூனைக்குக் கொஞ்சம், அதன் வயிற்றில் எலி இருக்கிறதாம். பிடிக்காததற்கும் கொஞ்சம், அப்போதுதான் பிடிக்குமாம்.

"அப்ப யாருக்குத்தான் நிறைய ஊத்துவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"குட்டி போட்டதுக்கு," என்றார். அவரிடம் வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

பூனைகளுக்குப் பெயரும் வைக்கவில்லை. எது எங்கே காவலோ அந்த இடம்தான் அதற்குப் பெயர். தொழுவம், அடுப்படி, கோழிக் கூண்டு, தீவன அறை, வைக்கோல். "தொழுவம் இன்னிக்கு நொண்டுது," என்பார். "அடுப்படிக்கு வயசாயிடுச்சு, கண்ணு தெரியல," என்பார். வீட்டுக்கு வந்த ஒருவர் இதைக் கேட்டுவிட்டு எங்கள் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்ததும் உண்டு. என் வீட்டுக்காரர்தான் தன் அக்காவுக்குப் 'பூனை மேஸ்திரி' என்று பெயர் வைத்தார். அக்கா அதற்குச் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை.

அவர் இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினான்கு வருடம் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டார். அவருடைய கணவர் வேலை தேடி வெளியூர் போனார். போன இடத்தில் வேலை கிடைத்தது, வேறொரு குடும்பமும் கிடைத்தது. அதைச் சொல்லி அவர் எழுதிய கடிதம் சலவைக்கூடத்துக்கே வந்திருக்கிறது. அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். "படிச்சேன். இன்னும் நாப்பது விரிப்பு மிச்சம் இருந்துச்சு. தேய்ச்சு முடிச்சுட்டுக் கிளம்பினேன்." நான் உச்சுக்கொட்டினேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டார்.

ஒரு பெட்டியோடும் ஒரு குடையோடும் அவர் வந்து இறங்கியபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். நாத்தனார் கூடவே இருக்கிற வீட்டில் யாருக்கு நிம்மதி? ஆனால் அவர் என் அடுப்படிக்குள் மூக்கை நுழைக்கவில்லை. வெளியே பாதிக் காட்டுப் பூனைகளாக மூன்று திரிந்துகொண்டிருந்தன. இரண்டாம் நாளே அவற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் தீவன அறையில் மூட்டை கடிபடுவது நின்றது. பொழுது சாயும்போது பூனைகளைத் தீவன அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார், விடிந்ததும் திறந்துவிடுவார். "பூனைய அடைச்சாச்சா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அப்புறம் அது "அடைச்சாச்சா?" என்று சுருங்கிவிட்டது. எதை என்று யாரும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

போன வருடம் எலி கட்டுக்கடங்காமல் போய்விட்டது. பக்கத்து வயல்களில் அறுவடை முடிந்ததும் அங்கிருந்த பட்டாளம் முழுக்க எங்களிடம் குடி வந்தது. மக்காச்சோள மூட்டைகளில் ஓட்டை. கோழிக்குஞ்சு ஏழு போனது. நான்கு பூனைகள் பிடித்துப் பிடித்துச் சலித்தன. ஐந்தாவதான வைக்கோல் அப்போதுதான் பரணில் மூன்று குட்டி போட்டிருந்தது, அது வேலைக்கு இல்லை. ஒருநாள் காலை என் கண் முன்னாலேயே ஒரு எலி மாவு டப்பாவின் மேல் உட்கார்ந்து மீசையைத் துடைத்தது. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க பூனையெல்லாம் என்ன செய்யுதுங்க? சம்பளம் பத்தலையாமா?" என்று அக்காவிடம் கத்தினேன்.

"பிடிக்குதுங்க. எலிதான் ஜாஸ்தி," என்றார்.

அதே வாரத்தில் பசுவுக்கு மடி வீங்கி மாட்டு டாக்டர் வந்தார். போகிற போக்கில் பூனைகளைப் பார்த்துவிட்டு, "வயித்துல பூச்சி இருக்கு. பூச்சி மருந்து குடுங்க. தனித்தனியா குடுக்க முடியாது, கடிச்சு வச்சிடும். தீனியில கலந்து வச்சு, எல்லாத்தையும் உள்ள விட்டு அடைச்சிடுங்க. தானா தின்னுடும்," என்றார். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் நான் கடைத்தெருவுக்குக் கிளம்பியபோது என் வீட்டுக்காரர், "அக்கா பூனைக்கு மருந்து வாங்கிட்டு வரச் சொல்றாங்க," என்றார். வாயிருக்கிற மனுஷி அதை என்னிடமே சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கடையில் பூனைக்கான மருந்து இல்லை, அடுத்த வாரம் வரும் என்றார்கள். எலிக்கான மருந்து இருந்தது. அதை யாரும் என்னிடம் வாங்கச் சொல்லவில்லை. நானாகத்தான் வாங்கினேன். கடைக்காரர் மீன் தூளில் பிசைந்து வைக்கச் சொன்னார். "பூனை, நாய் கிட்ட வராம கதவ அடைச்சிடுங்கம்மா," என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கென்ன காது கேட்காதா என்று எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கையோடு அதைப் பிசைந்து, உருண்டை பிடித்து, அட்டைத் துண்டுகளில் வைத்துத் தீவன அறையின் மூலைகளில் பரப்பினேன். கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா கொல்லைப்பக்கம் பால் கேன் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குக் கால் கடுத்தது, தலை வலித்தது, இனிமேல்தான் சமைக்க வேண்டும். அடுப்படி ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தேன்.

"அக்கா, தீவன அறையில மருந்து வச்சாச்சு. போய் அடைச்சிடுங்க."

நான் கதவைச் சொன்னேன். அவர் பூனைகளை அடைத்தார்.

ஐந்தையும் அடைத்தார். வைக்கோலைக்கூடப் பரணில் ஏறி, குட்டிகளிடமிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார், தாய்க்கும் மருந்து போகட்டும் என்று. ஒரு மணி நேரம் கழித்து அதை மட்டும் குட்டிகளிடம் போக வெளியே விட்டிருக்கிறார்.

காலையில் நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வாசற்படியில் வந்து நின்றார். கையில் வாளி, வெறும் வாளி.

"அஞ்சும் போயிடுச்சு," என்றார்.

"எங்க போச்சு?" என்று கேட்டேன். ராத்திரி ஒழுங்காக அடைக்காமல் விட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

"எங்கயும் போகல. அங்கதான் கெடக்கு. வைக்கோல் மட்டும் ஏணிக்குக் கீழ." வாளியைக் கை மாற்றினார். "மருந்து ஒத்துக்கல போல."

என் வாய் தானாகப் பேசியது. "அது எலி மருந்துக்கா."

அவர் என்னைப் பார்த்தார். "ஓ," என்றார். பிறகு, "மாடு கத்துது, கறந்துட்டு வரேன்," என்று போனார். அன்றைக்கும் பால் அளவு குறையவில்லை.

வேலிக்குப் பக்கத்தில் ஒரே குழியாகத் தோண்டினோம். நான் மண்வெட்டியை எடுத்தேன், அவர் பேசாமல் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். அது என் மேல் ஒட்டவே இல்லை. அவர் திட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது? அக்கா திட்ட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அடி பாவி என்று ஒரு சொல் சொன்னால் போதும், நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, மூக்கைச் சிந்திப்போட்டு, மனுஷியாக ஆகியிருப்பேன்.

"திட்டுங்கக்கா," என்று அன்று மத்தியானம் வாய்விட்டே கேட்டேன்.

"பால் பொங்குது பாரு," என்றார்.

பரணில் குட்டிகள் மூன்றும் இருந்தன. கண் திறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மாட்டு டாக்டர் பசும்பால் கூடாது, ஆட்டுப்பால் கொடுங்கள் என்றார். பாலை வெதுவெதுப்பாக்கிச் சொட்டுக்குழாயால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தோம். கொடுத்தபின் ஈரத்துணியால் வயிற்றுக்குக் கீழே தடவிவிட வேண்டும், இல்லையென்றால் குட்டிக்குச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்குவதற்குப் பதிலாக இது. நான்தான் தடவினேன், அக்காதான் பால் கொடுத்தார். இருவரும் ஒரே பாயில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். ஒன்பது வருடத்தில் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

நாலாம் நாள் ஒன்று செத்தது. ஒரு வாரத்தில் இன்னொன்று. அக்கா இரண்டையும் அந்த வேலிப் பக்கமே கொண்டுபோனார். திரும்பி வந்து கை கழுவிவிட்டு மூன்றாவதற்குப் பால் கொடுத்தார். எனக்கு உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. பல்லுக்கு மரத்துப்போக ஊசி போட்டால் கன்னம் இருக்கும், நம்முடையதாக இருக்காது. அப்படித்தான் இருந்தேன். சமைத்தேன், துவைத்தேன், தின்றேன். எலிகள் மூட்டைகளின் மேல் ஓடின. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது பிழைத்தது. கருப்பும் சாம்பலுமாக, காதுதான் உடம்பைவிடப் பெரிது. ஒரு மாதத்தில் தானாக நக்கிக் குடித்தது, ஒரு கரப்பானைத் துரத்தியது. என் வீட்டுக்காரர், "மேஸ்திரிக்கு ஆள் கெடைச்சாச்சு," என்று சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

ஒரு பிற்பகலில் நானும் அக்காவும் தீவன அறையில் எலி கடித்த மக்காச்சோளத்தை முறத்தில் போட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். நல்லது ஒரு பக்கம், கடிபட்டது ஒரு பக்கம். குட்டி சாக்கின் மேல் தூங்கியது. எனக்கு என்ன ஆயிற்றோ, ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்தது குபுக்கென்று வெளியே வந்துவிட்டது. அதுவும் எப்படி வந்தது? கோபமாக வந்தது. எனக்கு வேறு எப்படி வரும்?

"ஏங்க்கா, என்ன மருந்துன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தா இவ்வளவு ஆகியிருக்குமா? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

அவர் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"வந்த புதுசுல துண்ட எங்க காயப் போடட்டும்னு உங்கிட்ட கேட்டேன்," என்றார். "என் தலையில போடுங்கன்னே."

எனக்கு நினைவே இல்லை.

"அரிசி எத்தன ஆழாக்குன்னு கேட்டேன். கண்ணு இல்லையான்னே. அப்புறம் கேக்கறதில்ல. பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்குவேன். இல்ல, தம்பிகிட்ட சொல்லி விடுவேன்." ஒரு கைப்பிடி எடுத்து முறத்தில் போட்டார். "அன்னிக்குக் கேக்கணும்னுதான் ஜன்னல் வரைக்கும் வந்தேன். நீ தலையப் பிடிச்சுக்கிட்டு நின்னே. கேட்டா நீ எரிஞ்சு விழுவேன்னு திரும்பிட்டேன்."

குற்றமாகச் சொல்லவில்லை. தொழுவம் நொண்டுகிறது என்று சொல்கிற அதே குரல்தான்.

"ஒம்பது வருஷமாவா?" என்று கேட்டேன்.

"ம்," என்றார். முறத்தை ஒரு தடவை புடைத்துவிட்டு, "நீ நல்லாத்தான் சோறு போடறே. அதுல நான் குறை சொல்ல மாட்டேன்," என்றார்.

திட்டு வேண்டும் என்று ஒரு மாதம் காத்திருந்தேனே, அது திட்டே இல்லை. திட்டாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என் கையிலிருந்த சோளத்தை நல்லதில் போட்டேனா கடிபட்டதில் போட்டேனா தெரியவில்லை. அவர்தான் அதை எடுத்து மறுபக்கம் மாற்றிப் போட்டார்.

"இனிமே எதுன்னாலும் கேளுங்கக்கா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் தலையாட்டினார்.

அது நடந்து ஒரு வருடம் ஆகிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசுகிறேன். சில நாள் அடுப்படியில் வேலையாக இருக்கும்போது முதுகுக்குப் பின்னால் அவர் வந்து வாசற்படியில் நிற்பது தெரியும். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பி, "என்னக்கா?" என்று கேட்பேன்.

"ஒண்ணுமில்ல," என்று போய்விடுவார்.