குறிப்பு என்ற கடைசிக் கட்டம்

ஒருவருக்கு உதவுவதற்காக அவரைப் பற்றி எவ்வளவு எழுதிவைக்கலாம்? ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் படிப்பை முடித்து வேலை தேடிய நாட்களில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. நேர்காணலிலிருந்து திரும்பிய அக்கா என் கட்டிலில் வந்து உட்கார்ந்த மாலையில்தான் அது எழுந்தது.

உடன்பிறந்த அக்கா அல்ல. விடுதியில் அடுத்த அறை, என்னைவிட ஐந்து வயது மூத்தவர், திருநெல்வேலிக்காரர். படித்து முடித்தவர்கள் வேலை தேட இங்கே தரப்படும் அனுமதிக்காலம் அவருக்கு ஜூனில் முடியவிருந்தது. அதற்குள் வேலை கிடைத்தால், ஊரில் ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த கணவர் இங்கே வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் அக்கா திரும்பிப் போக வேண்டும்.

எங்களைப் போல வேலை தேடிய தமிழ் மாணவர்களின் விவரங்களை நான் இணையத்தில் ஓர் அட்டவணையாகத் தொகுத்து வந்தேன். ஏற்கெனவே வேலையில் இருக்கும் தமிழர்கள் அதைப் பார்த்துத் தங்கள் நிறுவனங்களில் பரிந்துரைப்பார்கள் என்பது என் எண்ணம். பெயர், படிப்பு, அனுமதி முடியும் நாள். கடைசிக் கட்டத்துக்குக் 'குறிப்பு' என்று தலைப்பிட்டேன். யாருக்கு அவசரம் அதிகம் என்பதை, எங்கள் தமிழ் மாணவர் குழுவை நடத்திய நாங்கள் மூன்று பேரும் அதில் எழுதிக்கொண்டோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்த அக்கா, பிப்ரவரியில் ஒரு காலை பொதுச் சமையலறையிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து சுவரில் சாய்ந்தார்.

"உன் ரசம் காட்டிக் கொடுத்துருச்சு. சும்மாவே அதைச் சகிக்க முடியாது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூணு மாசம் முடியட்டும்னு அம்மாகிட்டகூடச் சொல்லல. நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"ப்ராமிஸ், அக்கா."

யாரிடமும் நான் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலையே அவர் பெயருக்கு நேரே, கடைசிக் கட்டத்தில், ஆங்கிலத்தில் எழுதினேன். அப்போது அட்டவணை எங்கள் மூவருக்கு மட்டுமே திறந்திருந்தது; அங்கே எழுதுவது சொல்வதாகாது என்று நினைத்தேன்.

அட்டவணையைப் பார்க்க அனுமதி கேட்டுப் பலர் எழுதத் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே திறந்துவிடுவதற்குள் வாய்ப்புகள் நழுவின. இரண்டு வாரம் கழித்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அமைப்பை மாற்றி, சுட்டியை எங்கள் குழுவின் பொதுப் பக்கத்தில் பதிந்தேன். கடைசிக் கட்டம் என் நினைவுக்கே வரவில்லை.

மார்ச்சில், ஒரு சிறு மென்பொருள் நிறுவனம் அக்காவை இரண்டாம் நேர்காணலுக்கு அழைத்தது. முடிவில் மேலாளர் கைகுலுக்கி, குழந்தை பிறந்து வசதிப்படும்போது மீண்டும் விண்ணப்பிக்கும்படி கனிவாகச் சொல்லி அனுப்பினார்.

"நான் வாயே திறக்கல. அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அக்கா.

பதில் தெரிந்துவிட்ட பிறகும் நான் மடிக்கணினியைத் தாமதமாகத்தான் திறந்தேன். அந்த நிறுவனத்தில் இருந்த தமிழர் ஒருவர், நல்லெண்ணத்தோடு, அட்டவணையின் சுட்டியை அப்படியே மேலாளருக்கு அனுப்பியிருந்தார் என்று பின்னர் தெரிந்தது. அக்கா தன் பெயரைத் தேடி, வரிசையின் இறுதிவரை விரலை நகர்த்தினார்.

"பிரக்னன்ட். ப்ளீஸ் ப்ரையாரிடைஸ்," என்று வாசித்தார். "ப்ளீஸ்லாம் போட்டிருக்கியே."

"கேஸ் போடலாம், அக்கா. இன்டர்வியூல அதைக் கேக்கிறதே இங்க தப்பு."

"அவங்க எங்க கேட்டாங்க? நீதானே சொன்ன."

அன்றே அட்டவணையை அழித்தேன். அதற்குள் ஊரில் யாரோ அதைப் பார்த்து, அக்காவின் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்திவிட்டிருந்தார். அக்கா மேலும் பதினோரு இடங்களுக்கு விண்ணப்பித்தார். மறுப்புக் கடிதங்கள் பணிவாக, காரணம் இன்றி வந்தன. அவர்களில் எத்தனை பேர் அந்த வரியைப் படித்திருந்தார்கள் என்பதை நாங்கள் அறிய வழியில்லை. ஒருவருமே படிக்காமலும் இருந்திருக்கலாம். அந்த ஐயத்தை அவருக்குக் கொடுத்தது நான்.

ஜூனில் அவருடைய பெட்டியை ரயில் நிலையம்வரை தள்ளிக்கொண்டு போனேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அவருடைய கணவர் ஜெர்மன் வகுப்பை நிறுத்திவிட்டார். எனக்கு அந்த இலையுதிர் காலத்தில் வேலை கிடைத்தது. குழுவில் இப்போதும் ஓர் அட்டவணை இருக்கிறது. பெயரும் படிப்பும் மட்டும். அவரவரே எழுதுகிறார்கள், அவரவரே அழிக்கிறார்கள். 'குறிப்பு' என்ற கட்டம் அதில் இல்லை.