ஞாயிற்றுக்கிழமை மரியாதை

தெருவுக்கு அவர் கரண்ட்டுக்காரர். அவர் மனைவி தையல்காரி. ஏய், இந்தா, உன்னைத்தான்: இந்த மூன்றும்தான் அவர் அவளுக்கு வைத்த பேர். காது கேட்காதவள் மாதிரி நாலு தடவை கூப்பிட வைத்துத்தான் அவள் திரும்புவாள். அப்படியே ஓடிவிட்டது குடித்தனம்.

போன மாதம்தான் அவளைப் பயம் பிடித்தது. பக்கத்து வீட்டு சுவிட்ச் போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த வயரில் கரண்ட் வருகிறது என்று தெரியாமல் அவர் நின்றார். வயரோடு பிறந்து வயரோடு வளர்ந்த மனுஷன். அவள் ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

"தூக்கம் பத்தலை" என்றார். ஊருக்கு அவளும் அதையே சொன்னாள். மகள்தான் போனில் பிய்த்து எடுத்தாள், டாக்டரிடம் காட்டு, டாக்டரிடம் காட்டு என்று.

"வயசானா மறதி வராதாடி? நேத்து எனக்குப் போன் பண்றேன்னியே, பண்ணினியா?"

மகள் வாயை அடைக்கலாம். தன் பயத்தை எதை வைத்து அடைப்பது?

கடைசியில் அவளே ஒரு பரீட்சை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கமாகப் போகிற முனை ஓட்டலுக்குக் கூட்டிப் போவது. தன் சாப்பாட்டை அவரே சரியாகச் சொல்லிவிட்டால் டாக்டரும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். சொல்லாவிட்டால்? அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

ஓட்டலில் கூட்டம். ஜன்னலோர மேஜை கிடைத்தது. சர்வர் வந்து, "என்ன சார், ஆளையே காணோம்?" என்றான். அவள் அவர் வாயையே பார்த்தாள்.

"காணாம எங்கப்பா போயிடப் போறேன்? முட்டையை ரெண்டு பக்கமும் வேக வை. ரொட்டி கருகக் கூடாது. போன தடவை நீ கொண்டாந்தது ரொட்டி இல்ல, அடுப்புக்கரி."

சர்வர் சிரித்தான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே மகளுக்குப் போன் போட்டு நாலு வாங்கு வாங்கலாமா என்றுகூடத் தோன்றியது.

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சாப்பிடுறீங்க?"

"அடேங்கப்பா! அம்மா, இன்னிக்கு மழைதான்!" என்று சொல்லிவிட்டு சர்வர் அடுத்த மேஜைக்குப் போனான். அவளும் சிரித்தாள், அவரும் சிரிப்பார் என்று பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அவள் கை மேல் படாமல் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் வரலீங்களா?"

அவள் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"என்னங்க இது விளையாட்டு?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. யாரோ உக்கார்ற இடம் போலிருக்கு, தெரியாம உக்காந்துட்டேன்" என்று எழுந்தார். வாசல் பக்கமாக ஓரடி வைத்தார். வாசலைத் தாண்டினால் மெயின் ரோடு. இந்த மனுஷன் எந்தப் பக்கம் போவார், எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்?

"வந்திருக்காரு" என்றாள் அவசரமாக. "கை கழுவப் போயிருக்காரு. நீங்க உக்காருங்க."

"அப்படிங்களா? சரி, அவர் வர்ற வரைக்கும் துணைக்கு இருக்கேன்."

உட்கார்ந்தார். கை கழுவும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரக் கையை உதறியபடி ஒருவர் வந்தார்.

"இவருங்களா?"

"இல்லீங்க" என்றாள்.