காலிக் கட்டங்கள்

மார்லீன் வாஸுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று எங்கள் துறையில் கேலி பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். ஒரே அறையில் பத்தொன்பது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தில் கணக்கும் அறிவியலும் படிக்கிற மாணவர்களை ஆசிரியர்களாக்கி அனுப்புவதுதான் எங்கள் வேலை. அறிவியலுக்கு நான், கணக்குக்கு அவள். மாணவர்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழகும்போது நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்போம். மார்லீன் பாடத்தைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள். வகுப்பின் இருக்கைகளைக் கட்டம் கட்டமாக வரைந்து வைத்துக்கொண்டு, நடத்துகிறவர் எந்தப் பிள்ளையிடம் பேசினாலும் அந்தப் பிள்ளையின் கட்டத்தில் ஒரு கோடு போடுவாள். அவ்வளவுதான் அவள் வித்தை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் பிரென்ட் டாலிவர் என்று ஒரு மாணவன். கணக்கில் புலி. அவன் வகுப்புக்கு நான்கு தடவை போனாள். நான்கு தாளிலும் ஜன்னலோரம் ஆறு கட்டங்கள் காலி. கை தூக்குகிற கெட்டிக்காரர்களோடு மட்டும் பேசிவிட்டு மணியடித்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். சொல்லிப் பார்த்தாள். தலையாட்டினான், திருந்தவில்லை. ஆனால் அது மே மாதம். கணக்கு ஆசிரியர் கிடைக்காமல் பள்ளிக்கூடங்கள் எங்கள் வாசலில் தவம் கிடக்கிற மாதம். அவனை வேலைக்கு அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மூன்று வருஷம் கழித்து மளிகைக் கடைக் கல்லாவில் ஒரு பெண். சட்டையில் டெஸ்ஸா என்று பெயர். மார்லீனுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது, அந்த ஆறு பேரில் ஒருத்தி.

"கணக்கெல்லாம் எதுவரைக்கும் படிச்சேம்மா?"

"கணக்கா? டாலிவர் சார் வந்த வருஷத்தோட விட்டுட்டேன் மேடம். நான் கிளாஸ்ல இருந்தேனான்னே அந்த சாருக்குத் தெரியாது. பை வேணுமா?"

அன்று பிடித்ததுதான். பிரென்ட்டுக்கு வருஷத்துக்கு நூற்றைம்பது பிள்ளைகள், இத்தனை வருஷம், அதில் எத்தனை கட்டம் காலி என்று பெருக்கிக்கொண்டே இருப்பாள். சாப்பிடும்போதும் உதடு அசையும்.

போன வருஷம் மே மாதம் ட்ரிஷா ஓடெல் என்று ஒரு மாணவி. நல்ல பெண், உழைப்பாளி. அவள் தாள்களிலும் ஒரு மூலை காலியாகவே இருந்தது. கார்வெல் ஊர்ப் பள்ளி அவளுக்காகவே காத்திருந்தது.

"கையெழுத்துப் போட்டுடவா, ஹார்லன்?" என்று மார்லீன் என்னைக் கேட்டாள்.

"இன்னொரு பிரென்ட்டை அனுப்பிட்டு, இன்னும் பல வருஷம் என் எதிர்ல உட்கார்ந்து முணுமுணுக்கப் போறியா? போடாதே."

போடவில்லை. ட்ரிஷா அழவில்லை. "எங்க தப்பு பண்றேன்னு புரியுது மிஸ் வாஸ்" என்று மட்டும் சொன்னாள். இன்னொரு வருஷம் படித்துக்கொண்டிருக்க அவளுக்கு வசதியில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

அக்டோபரில் கார்வெல் தலைமையாசிரியர் போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"கடைசிவரைக்கும் ஆள் கிடைக்கலைங்க. பிள்ளைங்களைக் கம்ப்யூட்டர் முன்னால உட்கார வச்சிருக்கோம். ஃபுட்பால் கோச் கதவுகிட்ட நின்னு சத்தம் வராம பார்த்துக்கிறாரு. அந்தப் பொண்ணு வந்திருந்தா முக்கால்வாசிப் பேர்கிட்டயாவது பேசியிருக்கும், இல்லையா?"

மார்லீனின் உதடு அசைய ஆரம்பித்தது. போடாதே என்று சொன்னவன் நான். பேயாகப் பிடிப்பதென்றால் அந்தக் கார்வெல் பிள்ளைகள் என்னைத் தேடியல்லவா வர வேண்டும்? அவளிடம் போகிறார்கள். வெட்கமாக இருக்கிறது, ஆனால் என்னிடம் வராததில் எனக்கு நிம்மதியும் இருக்கிறது.

இன்று மறுபடியும் மே மாதம். அறைக்கு வெளியே நாற்காலியில் ஒரு மாணவி, புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையெழுத்துக்காகக் காத்திருந்தாள். அவள் தாள்கள் மார்லீனின் மேசையில் விரிந்து கிடந்தன; அவற்றிலும் சில கட்டங்கள் காலி.

"நீயே சொல்லு ஹார்லன். போன தடவை சொன்னியே" என்றாள் மார்லீன்.

அதில் குத்தலே இல்லை. நிஜமாகவே கேட்டாள். நான் காபி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து, வெளியே உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்க்காமல் நடந்துவிட்டேன்.